முடிவு எண் இல்லாத கோப்புகள்

தமிழ்நாட்டு அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து வரும் கடிதத்தின் தலைப்பில் ‘ந.க. எண்’ என்றோ, ‘ஓ.மு.’, ‘மூ.மு.’, ‘ப.மு.’ என்றோ ஒரு குறி இருக்கும். மனு கொடுத்தவர் எண்ணைக் குறித்துக்கொள்வார். முன்னால் நிற்கும் எழுத்துகளைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நிர்வாகத்தின் அறிவு இருப்பது அந்த எழுத்துகளில்தான். பின் மூன்றும் முறையே ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு என்று விரியும். என்றைக்கும் காக்க வேண்டியவை நிரந்தர முடிவில் சேரும். நடவடிக்கை முடிந்து கோப்பு மூடப்படும் நாளிலேயே, அதைக் கையாண்டவர்களே அதன் ஆயுளையும் முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு அது பதிவறைக்குப் போகிறது. உரிய ஆண்டு வந்ததும் எடுத்து அழிக்கிறார்கள், அல்லது தொடர்ந்து காக்கிறார்கள்.

அதே அலுவலகத்தின் கணினியில் கிடக்கும் எக்செல் பட்டியலுக்கும், ஸ்கேன் செய்த ஆதார் நகலுக்கும், கள ஆய்வில் எடுத்த புகைப்படத்துக்கும், வரைவுக் கடிதத்துக்கும் அப்படியொரு முடிவு எண் உண்டா? இல்லை. காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியபோது கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் ஆயுளைத் தீர்மானிக்கும் கடமையைப் பதிவறையிலேயே விட்டுவிட்டோம். கட்டமைப்பற்ற தரவு பற்றிப் பேச இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கட்டமைப்பற்ற தரவு என்பது அட்டவணையின் கட்டங்களுக்குள் அடங்காமல் கிடப்பது. பட்டா மாறுதலின் விவரம் தரவுத்தளத்தில் பெயர், புல எண், பரப்பு என்று தனித்தனிக் கட்டங்களில் உட்கார்ந்திருக்கும். கேட்டால் நொடியில் வரும். அதற்கு ஆதாரமாகக் கொடுக்கப்பட்ட பத்திர நகல், வாரிசுச் சான்றின் படம், அது குறித்து அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் கோப்புகளாக எங்கோ இருக்கும். உலகின் தரவில் 80 விழுக்காடு இவ்வகை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். யாரும் முறையாக அளந்து சொன்ன எண்ணாக அது எனக்குப் படவில்லை. வெரிடாஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, நிறுவனங்கள் வைத்திருக்கும் தரவில் 52 விழுக்காடு என்னவென்றே தெரியாதது, 33 விழுக்காடு நகலோ காலாவதியானதோ பயனற்றதோ, 15 விழுக்காடு மட்டுமே தொழிலுக்கு இன்றியமையாதது என்றது. சேமிப்பு மேலாண்மைக் கருவிகளை விற்கும் நிறுவனத்தின் கணக்கு என்பதை நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் எந்த அலுவலகக் கணினியையும் திறந்து ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’, ‘கடைசிப் பட்டியல்’, ‘கடைசிப் பட்டியல் திருத்தியது’ என்ற வரிசையைப் பார்த்தவர்கள் இதன் திசையை மறுக்க மாட்டார்கள்.

இதைப் பேசப் புதுக்கோட்டையை எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. பதிவுகளைத் தேடி, படித்து, வகைப்படுத்தி வைத்த அனுபவம் இந்த மண்ணுக்கு நிறைய இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இன்று இயங்குவதே தொண்டைமான் மன்னர்களின் புது அரண்மனையில்தான். சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் சென்றது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமாகத் திரும்பியது. ஆட்சி மாறினாலும் நிலத்துக்கு யார் உரிமையாளர், குளத்துக்கு யார் பொறுப்பு, கோயிலுக்கு எது மானியம் என்ற கேள்விகள் மாறுவதில்லை. அவற்றுக்குப் பதில் பழைய பதிவுகளில்தான் இருக்கிறது.

திவான் சேஷய்ய சாஸ்திரி காலத்தில், 1888இல், சமஸ்தானத்தில் இனாம் நிலங்களுக்கான தீர்வு நடந்தது. எந்தக் குடும்பத்துக்கு, எந்த ஊழியத்துக்காக, எந்த நிலம் விடப்பட்டது என்று விசாரித்து எழுதினார்கள். அன்றைய நோக்கம் வருவாய் மட்டுமே. சுமார் ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்க மானுடவியலாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டை அரசைப் பற்றி எழுதி 1987இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூலுக்கு அந்த இனாம் பதிவுகள் முக்கியச் சான்றாயின. அரசனுக்கும் குடிகளுக்கும், சாதிக்கும் அதிகாரத்துக்கும் இருந்த உறவை அவர் அந்த நில விவரங்களிலிருந்து படித்தெடுத்தார். ஒரு வரிக்கணக்கு இப்படி வரலாறாகும் என்று 1888இல் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. பழைய கோப்புகளை அழிக்கத் துடிப்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வேலை இன்னும் பெரியது. சமஸ்தானம் தன் எல்லைக்குள் கோயில் சுவர்களிலும் பாறைகளிலும் குளக்கரைகளிலும் சிதறிக் கிடந்த கல்வெட்டுகளைத் தேடிப் படியெடுத்து, 1929இல் அச்சிட்டது. மொத்தம் 1,130 கல்வெட்டுகள். வட்டெழுத்தும் கிரந்தமும் தமிழுமாக, சில முழுமையாகவும் சில உடைந்தும் கிடந்தவற்றை அரச மரபு வாரியாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். எந்த ஊர், எந்தச் சுவர் என்பதையும் பதிந்தார்கள். காலவரிசைப் பட்டியல் தனியாக வந்தது. ஒரே மூலத்துக்கு இரண்டு வழிகளில் நுழைய வாசல் வைத்தார்கள். பின்னர் 1940களில் ஆங்கில மொழிபெயர்ப்பும் தொகுதிகளாக வெளியானது. கட்டமைப்பற்ற தரவை மதிப்பிடுவது என்று இன்று எதைச் சொல்கிறார்களோ அதன் படிகள் எல்லாம் இதில் இருக்கின்றன: எங்கே இருக்கிறது என்று தேடுவது, என்ன என்று படிப்பது, யாருடையது, எந்தக் காலத்தது என்று குறிப்பது, நகலை மூலத்தோடு ஒப்பிடுவது, கேட்பவருக்குக் கிடைக்கும்படி அடுக்குவது. கணினி இல்லாமல், மாட்டுவண்டி போகும் பாதைகளில் நடந்த வேலை இது.

இந்த வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. திருமயத்தில் அதே இனத்தைச் சேர்ந்த கல்வெட்டின் மேலேயே பிற்காலக் கல்வெட்டு ஒன்றை வெட்டிவிட்டார்கள். முன்னது என்ன என்று அறியாதவர்களுக்கு அது வெறும் இடமாகத் தெரிந்தது. வன்தட்டில் இடம் போதவில்லை என்று பழைய கோப்புறையை அழித்துப் புதியதை ஏற்றும் ஊழியருக்கும் இதுவேதான் நேர்கிறது. உள்ளே இருப்பதை மதிப்பிடாமல் இடத்தை மட்டும் மதிப்பிடுகிறார்.

இதற்கு நேர்மாறான முன்னுதாரணம் கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியில் கிடைக்கிறது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். புதிய கட்டுமானம் முடிந்த பின், இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அவை மீண்டும் கல்லில் ஏறின. இடையில் ஓர் அரசன் இறந்து இன்னொருவன் வந்துவிட்டான். பொறுப்பு கைமாறியும் வேலை நிற்கவில்லை. பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறும் எந்த நிறுவனமும் கேட்க வேண்டிய கேள்வி, நம் மாற்றத்தை இப்படி யாராவது கடைசிவரை பார்த்துக்கொள்கிறார்களா என்பது.

சோழர் காலத்து ஓலைகள் நமக்கு வரவில்லை, கல் வந்தது. கல்லில் வெட்டுவது செலவும் உழைப்பும் கேட்பது. ஆகவே எது நிற்க வேண்டும் என்று எவரோ முடிவெடுத்தே ஆக வேண்டியிருந்தது. இன்று வன்தட்டின் விலை அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடிகிறது என்பதால் எதைப் பற்றியும் யாரும் முடிவெடுப்பதில்லை. அளவைக் கொண்டு மதிப்பை அறிய முடியாது என்பதற்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையை நினைத்துக்கொள்ளலாம். 2022 நவம்பரில் நடந்த இணையத் தாக்குதலில் அங்கே பூட்டப்பட்டது சுமார் 1.3 டெராபைட் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரு சாதாரண வெளிப்புற வன்தட்டில் அடங்கிவிடும் அளவு அது. அதற்காக நாட்டின் முதன்மை மருத்துவமனை வாரக்கணக்கில் காகிதத்திலும் பேனாவிலும் பணிபுரிந்தது.

சரி, ஓர் அலுவலகம் தன் சேமிப்பை மதிப்பிட முனைந்தால் என்ன செய்யும்? கருவிகள் முதலில் தருவது மேலோட்டக் கணக்கு: எத்தனை கோப்பு, என்ன வகை, யார் உருவாக்கியது, கடைசியாக எப்போது திறந்தது. இந்தக் கடைசி எண்ணை நம்பி ‘ஐந்தாண்டாகத் தொடாதவை’ என்று பட்டியல் போட்டு அழிப்பவர்கள் உண்டு. அது ஆபத்தான பழக்கம். விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து, கோப்பைத் திறந்த நாளைப் பதிவது இயல்பாக நிறுத்திவைக்கப்பட்ட கணினிகள் ஏராளம். தினமும் பார்க்கும் கோப்பும் அங்கே பல ஆண்டுகள் தூங்குவதாகத் தெரியும். உருவாக்கிய நாளும் அப்படித்தான். ஒரு கோப்பைப் புதிய கணினிக்கு நகலெடுத்தால் உருவாக்கிய நாள் இன்றாகிவிடும், திருத்திய நாள் மட்டும் பழையதாக நிற்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்புகளைக் கண்டால் அவை இடம்பெயர்ந்து வந்தவை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

நகல்களைக் கண்டறிவதிலும் இதே நுட்பம் வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு கணிதக் கைரேகையை எடுத்து ஒப்பிட்டால், பெயர் மாறியிருந்தாலும் ஒரே கோப்பு பிடிபடும். ஆனால் வாட்ஸ்அப் வழியே போய்வந்த புகைப்படம் சுருக்கப்பட்டுவிடுவதால் அதன் கைரேகை மாறிவிடும். எடுத்த நேரமும் இடமும் பற்றிய உட்குறிப்புகளும் உதிர்ந்துவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு படங்களில் ஒன்று சான்று, இன்னொன்று வெறும் படம். எதை அழிப்பது என்று கருவியே முடிவு செய்தால் சான்று போய்விடக்கூடும்.

தமிழ் அலுவலகங்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிநாட்டுக் கருவிகளை விற்க வருபவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. தமிழக அரசு அலுவலகங்களில் பல்லாண்டுகள் தட்டச்சு செய்தது வானவில் எழுத்துருவில். அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் பாமினி உள்ளிட்டவை புழங்கின. 1999இல் டாம், டாப் குறியீடுகள் அரசின் தரமாயின. 2010இல் ஒருங்குறியும் டேஸ்-16ம் அந்த இடத்துக்கு வந்தன. பழைய எழுத்துருக் கோப்பில் ‘கண்மாய்’ என்று திரையில் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். இன்று ஒருங்குறியில் ‘கண்மாய்’ என்று தேடினால் அந்தக் கோப்பு வராது. இருக்கும், ஆனால் இல்லாததற்குச் சமம். ஒரே குறியீட்டு வரிசை எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு வேறு எழுத்தாகத் தெரியும் என்பதால், எந்த எழுத்துரு என்று தெரியாமல் மாற்றவும் முடியாது. வேர்டு கோப்பு எழுத்துருவின் பெயரைத் தன்னுள் வைத்திருக்கும். வெறும் உரைக் கோப்பு வைத்திருக்காது. அதைத் தட்டச்சு செய்தவர் ஓய்வுபெறும் முன் கேட்டறிந்து, மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒருங்குறிப் படியொன்றை எடுக்க வேண்டும். ஏறக்குறைய 1990கள் முதல் 2010 வரையிலான நம் நிர்வாக நினைவு இந்த நிலையில் இருக்கிறது. கல்வெட்டாவது வெளியே தெரிகிறது. இது வெளியே தெரியாமலே அழியும்.

மதிப்பீட்டை ஆளுகையாக்கும் இடத்துக்கு இப்போது வருகிறேன். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டமும் கடுமையாக அடிபட்டது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, வீடுகள் இடிந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. சேதக் கணக்கெடுப்பு நடந்தது. நிவாரணம் வங்கிக் கணக்குகளில் செலுத்தப்பட்டது. இத்தகைய பணி ஒன்றில் என்னென்ன உருவாகும் என்று எண்ணிப் பாருங்கள்: ஊர்வாரியாகப் பெயர்ப் பட்டியல், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சாய்ந்த மரங்களின் எண்ணிக்கை, இடிந்த சுவரின் படம், முறையீட்டு மனு, திருத்திய பட்டியல், திருத்தத்தின் திருத்தம். கிராம நிர்வாக அலுவலரின் கைப்பேசி, வட்டாட்சியர் அலுவலகக் கணினி, மின்னஞ்சல், பென்டிரைவ் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு படி தங்கும்.

இந்தக் குவியலுக்கு ஒரே ஆயுளைக் கொடுக்க முடியாது. வங்கிக் கணக்கு எண்கள் உள்ள பட்டியலின் பணி, பணம் சேர்ந்து தணிக்கை முடிந்ததும் முடிகிறது. அதிகாரபூர்வமான ஒரு படியைப் பூட்டிவைத்துவிட்டு, சிதறிய நகல்களை அழிப்பதே அந்த மக்களுக்குச் செய்யும் நியாயம். எந்த ஊரில் எத்தனை தென்னை சாய்ந்தது, எந்தப் பக்கச் சுவர் விழுந்தது, எத்தனை நாளில் மின்சாரம் வந்தது என்ற விவரம் நிரந்தர முடிவுக்குரியது. வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் அடுத்த புயலுக்குத் திட்டமிடுபவருக்கு அதைவிட மதிப்புள்ள ஆவணம் வேறில்லை. நடைமுறையில் தலைகீழாக நடக்கவே வாய்ப்பு அதிகம்: அழிய வேண்டிய பட்டியல் பத்துக் கணினிகளில் வாழும், வாழ வேண்டிய படங்கள் ஒருவரின் பழைய கைப்பேசியோடு போய்விடும். எந்த மென்பொருளாலும் இந்தப் பிரிப்பைத் தானே செய்ய முடியாது. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறைப்படி அமைந்த சரிபார்ப்பு இலக்கம் என்பதால், 12 இலக்க எண்கள் எந்தெந்தக் கோப்பில் உண்மையிலேயே ஆதாராக இருக்கலாம் என்று கருவி சொல்லும். அதை வைத்திருக்கலாமா என்று சொல்லக் களத்தை அறிந்த ஒரு மனிதர் வேண்டும். அவர் பெயர் அந்த முடிவின் கீழ் இருக்க வேண்டும்.

இந்தக் கடமை அரசோடு நிற்பதில்லை. கீழராஜவீதிக் கடையிலிருந்து அறந்தாங்கி மருத்துவமனை வரை, தனியார் பள்ளி, நகைக்கடன் நிறுவனம், சீட்டு நிறுவனம் எல்லாமே அடையாள நகல்களைச் சேர்த்துவைத்திருக்கின்றன. நகலெடுக்கும் கடைகளின் கணினியில் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தால் ஊராரின் ஆதாரும் சாதிச் சான்றும் வரிசையாக நிற்பதை யாரும் பார்க்கலாம். 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது. தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அரசு அமைப்புகளுக்கு அழிக்கும் கடமையிலிருந்து அச்சட்டமே விலக்குத் தருகிறது. பாதுகாக்கும் கடமையிலிருந்து அல்ல. அரசுக்கு வரலாற்றுப் பொறுப்பு இருப்பதால் விலக்கை ஒருவகையில் ஏற்கலாம். ஆனால் அந்த விலக்கு கவனக்குறைவுக்கு உரிமமாகிவிடக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது அமைப்புகள் தம் ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்று 2005இலேயே சொல்லிவிட்டது. தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாத அலுவலகம், மனு வந்ததும் ‘ஆவணம் இல்லை’ என்று பதில் எழுதும்போது உண்மை சொல்கிறதா என்று அதற்கே தெரியாது.

வைத்திருக்க வேண்டிய காலத்தையும் சட்டங்கள் துறைக்குத் துறை சொல்கின்றன. கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர்கள் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு காக்க வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டு விதிகள். ஒரு சிறு நிறுவனத்துக்கு இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவதே பாதிக் கொள்கை. மீதிப் பாதி, ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு பொறுப்பாளரின் பெயர், ஓர் அழிப்பு ஆண்டு, யார் திறக்கலாம் என்ற வரம்பு. காப்புப்படியைக் காப்பகம் என்று நினைக்கும் தவறும் தீர வேண்டும். கணினி பழுதானால் மீட்பதற்காகக் காப்புப்படி எடுக்கிறோம். குப்பையும் சேர்ந்தே அதில் போகும். காப்பகத்தில் தேர்ந்தெடுத்தவை மட்டும் இருக்கும்.

அரசு அலுவலகங்களின் மின்கோப்பு முறையான இ-ஆபீஸ் கோப்பின் நகர்வை நன்றாகவே பதிகிறது. அதற்கு வெளியே நிற்கும் பட்டியல்களும் படங்களும் வரைவுகளும்தான் இந்தக் கட்டுரையின் கவலை. அவற்றுக்குப் புதிய அமைப்பு எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூன் 30இல் முடியும் முன், ஒவ்வோர் ஆண்டும் வட்டந்தோறும் ஜமாபந்தி நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் முதலிய கணக்குகளோடு வந்து அமர, அலுவலர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார். இதே நாட்களில் ஒரு நாளை அலுவலகக் கணினிகளுக்கும் ஒதுக்கலாம். எந்தக் கோப்புறை யாருடையது, எது இந்த ஆண்டு அழிகிறது, எது நிரந்தரம், எந்தப் பழைய எழுத்துருக் கோப்பு இன்னும் மாற்றப்படவில்லை என்று கேட்டு எழுதிக் கையெழுத்திட அந்த ஒரு நாளில் தொடங்கலாம். நிரந்தரம் என்று எதைக் குறிப்பது என்ற ஐயம் வரும்போது, உள்ளூர் வரலாறு அறிந்த ஒருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். 1888இன் இனாம் பதிவுகளை நினைத்து இதைக் கேட்கிறேன்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவற்றின் பெரும்பகுதி 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகிறது. அதற்குள் வரும் ஜமாபந்தியை வீணாக்காதீர்கள்.